வண்டி சாயலாம், டயர் தரையை விடக்கூடாது

கார் ஷோரூம்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: “சஸ்பென்ஷன் கொஞ்சம் ஸ்டிஃப்பா இருக்கும் சார். அதனாலதான் ஹேண்ட்லிங் சூப்பரா இருக்கு.” எதிர் ஷோரூமில் இன்னொரு மாடலை விற்பவர் இதையே திருப்பிப் போட்டுச் சொல்வார்: “நம்ம வண்டி சாஃப்ட் சார், ஃபேமிலிக்கு ஏத்தது. வளைவுல மட்டும் கொஞ்சம் பார்த்துப் போங்க.” இரண்டையும் கேட்டவர் ஒரு முடிவோடு வீட்டுக்குத் திரும்புகிறார். சொகுசு வேண்டுமானால் பிடிமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிமானம் வேண்டுமானால் முதுகுவலியைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தவறு என்பதைப் பிரான்ஸ் நாட்டின் ஒரு கம்பெனி அறுபது, எழுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சாலையில் ஓட்டிக் காட்டியிருக்கிறது. பந்தய உலகமோ விறைப்பை அதன் எல்லை வரை கொண்டுபோய், அங்கே என்ன நடக்கும் என்பதையும் காட்டிவிட்டது.

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது எளிய விஷயம்தான். ஒரு சராசரி ஹேட்ச்பேக்கில், ஒரு சக்கரத்தின் மேல் கூடுதலாக 20, 25 கிலோ ஏறினால் அந்த மூலை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அதே ஸ்பிரிங்கை இரண்டு டன் எஸ்யூவியில் மாட்டினால் வண்டி தரையோடு தொய்ந்துவிடும். 500 கிலோ பந்தயக் காரில் மாட்டினால் நல்ல விறைப்பாகத் தெரியும். ஆகவே, ஸ்பிரிங்கை மட்டும் கையில் எடுத்துவைத்து ‘இது சாஃப்ட், இது ஸ்டிஃப்’ என்று சொல்ல முடியாது. அது சுமக்கும் எடையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இன்ஜினீயர்கள் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் அலைவெண். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டுக் காரை ஒருமுறை அழுத்தி விட்டால், வினாடிக்கு எத்தனை முறை அது மேலும் கீழும் ஆடுகிறதோ, அதுதான் அந்த எண்.

பயணிகள் கார்களுக்கு இது பெரும்பாலும் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ். ஸ்போர்ட்ஸ் கார்கள் 2 ஹெர்ட்ஸை நெருங்கும். காற்று கீழ்நோக்கி அழுத்தும் பெரும் விசையைத் தாங்கியாக வேண்டிய ஃபார்முலா கார்கள் 3, 4, 5 என்று மேலே போகும். எண்களில் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால், அலைவெண் இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்காகிறது. 1 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங், சும்மா நிற்கும் காரைச் சுமப்பதற்கே ஏறத்தாழ 25 செ.மீ. அமுங்குகிறது. 1.5 ஹெர்ட்ஸில் அந்த அமுக்கம் 11 செ.மீ.; 2 ஹெர்ட்ஸில் 6 செ.மீ.யைத் தாண்டிக் கொஞ்சம். 3 ஹெர்ட்ஸில் 3 செ.மீ. கூட இல்லை.

சின்ன கார்கள் ஏன் பின் சீட்டில் தூக்கிப் போடுகின்றன என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. 900 கிலோ ஹேட்ச்பேக்கில் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் கூடும் எடை 400 கிலோ. அதாவது, வண்டியின் எடையில் கிட்டத்தட்ட பாதி. அதில் பெரும்பங்கு பின்சக்கரங்களின் தலையில். அத்தனை சுமைக்கும் பின்பக்கம் தரையில் இடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தே ஆக வேண்டும். டிரைவர் மட்டும் தனியாகப் போகிற நாளில் அந்த விறைப்பு முழுக்க உபரி. 1,800 கிலோ செடானுக்கு அதே 400 கிலோ பெரிய பாரமே இல்லை. ஆகவே அதற்கு மென்மையான ஸ்பிரிங்கைத் துணிந்து கொடுக்கலாம். பெரிய கார் மெத்தென்று போவதற்கு விலையை விட எடைதான் காரணம்.

மனித உடம்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. செங்குத்தாகக் குலுக்கினால் உடம்பு அதிகம் சிரமப்படுவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில். உடல் தாங்கும் அதிர்வுகளுக்கான ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேசத் தரநிலையும் இதை அடிப்படையாகக் கொண்டதுதான். வயிற்றில் உள்ள உறுப்புகளும் முதுகெலும்பும் அந்தத் தாளத்துக்கு ஒத்து ஆடத் தொடங்குவதே காரணம். மறுபக்கம், அரை ஹெர்ட்ஸுக்கும் கீழே மிக மெதுவாக ஆடினால் குமட்டல் வரும். கப்பல் பயணத்தில் வாந்தி வருவது இதனால்தான். இரண்டுக்கும் நடுவே, உடம்பு பெரிதாகப் பொருட்படுத்தாத இடம் 1 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. ஒரு நல்ல குடும்பக் கார் தேடிப் போவது அந்த இடத்தைத்தான்.

1930-களில் சிட்ரோயன் கம்பெனியின் தலைவராக இருந்த பியர்-ஜூல் புலாஞ்ஜே, தன் இன்ஜினீயர்களிடம் ஒரு கார் கேட்டார். பிரெஞ்சு விவசாயிக்கான கார். 50 கிலோ உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கூடையில் முட்டையை வைத்து உழுத வயலில் ஓட்டினாலும் ஒன்றுகூட உடையக் கூடாது. போர் குறுக்கிட்டதால் தாமதமாகி, 1948-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ‘2சிவி’ அறிமுகமானது. அதன் வடிவத்தைக் கேலி செய்தவர்கள் அதன் அடியில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். இரு பக்கமும் நீளவாக்கில் ஓர் உருளை. அதனுள் படுத்தபடி ஸ்பிரிங்குகள். முன்சக்கரத்தின் கையும் பின்சக்கரத்தின் கையும் அந்த ஒரே உருளையோடு இணைக்கப்பட்டிருந்தன. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த இழுப்பு பின்பக்கத்துக்கும் போய், பின்பகுதியும் கூடவே கொஞ்சம் எழும்பும். வண்டி மூக்கைத் தூக்காமல் மட்டமாகவே மேட்டைக் கடக்கும்.

2சிவி வளைவில் திரும்பும் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் இப்போதும் திக்கென்று இருக்கும். கதவின் கைப்பிடி தரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றுகிற அளவுக்குச் சாய்ந்திருக்கும். ஆனால், நான்கு ஒல்லி டயர்களும் தரையில்தான் இருக்கும். சாய்வதும் வழுக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. இந்த வண்டி 1990 வரை உற்பத்தியில் இருந்தது.

சாய்ந்தால் பிடிமானம் போய்விடும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? வளைவில் எடை வெளிப்பக்கம் போகிறது, அது தெரிந்த விஷயம். கார் சாய்வதால்தான் எடை அப்படிப் போகிறது என்று கண்ணுக்குத் தோன்றுகிறது. ஆகவே ஸ்பிரிங்கை விறைப்பாக்கிச் சாய்வை நிறுத்திவிட்டால், எடை போவதும் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது. 1,200 கிலோ கார். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில்; இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர். ஈர்ப்பு விசையில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும்படி, அதாவது ஓரளவு வேகமாகவே, ஒரு வளைவைத் திரும்புகிறோம். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை 220 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. எடை, உயரம், அகலம், வளைவின் வேகம், அவ்வளவுதான். மென்மையான கார் சாயும்போது ஈர்ப்பு மையம் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்வதால் சில கிலோ கூடலாம். காரை இரும்புப் பாளமாக மாற்றினாலும் அந்த 220 கிலோ போயே தீரும்.

அப்படியானால் ஸ்பிரிங்கின் வேலை என்ன? அந்த 220 கிலோவில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பது. ஹேண்ட்லிங்கின் உயிர்நாடி இந்தப் பங்கீடு. டயருக்கு ஒரு குணம் உண்டு: அதன் மேல் எடை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை; சற்றுக் குறைவாகவே கூடும். அதனால் ஓர் அச்சில் வெளிச்சக்கரத்துக்கும் உள்சக்கரத்துக்கும் எடை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அந்த அச்சின் மொத்தப் பிடிமானம் அவ்வளவு குறையும். சாய்வை எதிர்க்கும் விறைப்பு முன்பக்கம் அதிகமாக இருந்தால், முன் டயர்கள் முதலில் தளரும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டீயர். பின்பக்கம் அதிகமானால் வால் வீசும், அது ஓவர்ஸ்டீயர்.

முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வேகமாகத் திரும்பும் படங்களில் உள்பக்கப் பின்சக்கரம் காற்றில் தூக்கி நிற்பதைக் காணலாம். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டி அது. இன்ஜின் எடையும் இழுவை வேலையும் ஸ்டீயரிங் வேலையும் முன் டயர்களின் மேலேயே இருக்கின்றன. ஆகவே, சாய்வை எதிர்க்கும் வேலையைப் பின்பக்கத்தின் தலையில் கட்டி, முன் டயர்களை இலகுவாக்கியிருக்கிறார்கள். மூன்று சக்கரத்தில் திரும்பும் அந்தக் கார் துல்லியத்துக்குப் பேர் போனது. மொத்த விறைப்பை விட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

பங்கு பிரிக்கும் வேலைக்கென்றே உள்ள உதிரிபாகம் ஆன்டி-ரோல் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் மட்டும் எதிர்க்கும். சொகுசைத் தொடாமல் சாய்வை மட்டும் அடக்கும் அருமையான உபாயம் என்று தோன்றும். மட்டமான நெடுஞ்சாலையில் அது உண்மையும்கூட. ஆனால், பள்ளம் பெரும்பாலும் சாலையின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது தடித்த கம்பி வலது சக்கரத்தையும் கூட இழுக்கும். உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆடும். உயரமான எஸ்யூவிகளில் சாய்வைக் குறைக்கத் தடித்த கம்பியைப் போட்டுவிட்டு, கிராமத்துச் சாலையில் பயணிகளை ஆட்டி வைக்கிற மாடல்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

1997 அக்டோபரில் ஸ்வீடனின் ‘டெக்னிகென்ஸ் வார்ல்ட்’ பத்திரிகை, புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸை ஒரு சோதனைக்கு உட்படுத்தியது. சாலையில் திடீரென்று மான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்பி, உடனே பழைய தடத்துக்குத் திரும்பும் சோதனை. கார் கவிழ்ந்தது. மெர்சிடிஸ் டெலிவரிகளை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி விறைப்பாக்கி, டயர்களை மாற்றி, இஎஸ்பி என்ற மின்னணு நிலைத்தன்மைக் கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் நிரந்தரமாகப் பொருத்தியது. நீளம் குறைந்த, உயரமான, குறுகலான கார் அது. மேலே சொன்ன கணக்கில் உயரம் கூடி அகலம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே விறைப்பு நிஜமாகவே உதவியது. எடை மாறுவதை அது நிறுத்தவில்லை. உடல் சாய்ந்து சாய்ந்து வேகம் சேர்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வீசப்படுவதைத் தடுத்தது.

அதே பத்திரிகையின் அதே சோதனையில், 1999-இல் ஒரு கார் மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் தடுமாறாமல் கடந்து, பல ஆண்டுகள் முறியாத சாதனை படைத்தது. ஏதோ இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் அல்ல; சிட்ரோயன் சான்டியா ஆக்டிவா என்ற குடும்பக் கார்.

அதன் கதை 1955-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் ‘டிஎஸ்’ வந்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் புக் செய்தார்கள். போல் மாஜேஸ் என்ற இன்ஜினீயர் அதற்காக உருவாக்கிய சஸ்பென்ஷனில் இரும்புச் சுருளே கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோகக் கோளம். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். சக்கரம் ஏறும்போது எண்ணெய் வாயுவை அமுக்கும். முதலில் இலகுவாக அமுங்கும் வாயு, போகப் போகத் தானாகவே விறைக்கும். எத்தனை பேர் ஏறினாலும் பம்ப் எண்ணெயை அனுப்பி வண்டியைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். ஹேட்ச்பேக்குக்கு இருக்கும் ‘ஆள் ஏறினால் தொய்யும்’ பிரச்சினை இதற்கு இல்லை. ஆகவே, துணிந்து மென்மையாக இருக்கலாம். 1962 ஆகஸ்டில் பாரிஸ் புறநகரில் பிரெஞ்சு அதிபர் தெகோல் மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது அவர் இருந்தது டிஎஸ்-இல்தான். டயர்கள் குண்டு பட்டுக் காற்றிழந்த பிறகும் டிரைவர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டித் தப்பித்தார். பிறகு ரோல்ஸ்-ராய்ஸே தன் சில்வர் ஷேடோவுக்கு இந்த மட்டம் காக்கும் நுட்பத்தை உரிமம் பெற்று வாங்கியது.

டிஎஸ் மென்மையாகப் போனது. வளைவில் நன்றாகவே சாய்ந்தது. நாற்பது ஆண்டு கழித்து வந்த சான்டியா ஆக்டிவாவில் அந்தச் சாய்வைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கையாண்டார்கள். ஆன்டி-ரோல் பாருடன் எண்ணெயில் இயங்கும் உந்திகள். கோளங்கள் மொத்தம் 10. நேர்ச்சாலையில் கம்பி தளர்வாக இருக்கும். வளைவு வந்தால் உந்திகள் அதை முறுக்கி, உடல் சாய்வதை அரை டிகிரி அளவிலேயே பிடித்து நிறுத்தும். மேடு பள்ளத்துக்கு மெத்தை, வளைவுக்கு விறைப்பு, இரண்டும் ஒரே வண்டியில். சொகுசும் ஹேண்ட்லிங்கும் பகையாளிகள் என்ற ஷோரூம் வசனத்துக்கு அந்த 85 கி.மீ. நேரடியான மறுப்பு. விலையும் சிக்கலும் அதிகம் என்பதால் அந்தத் தொழில்நுட்பம் பரவாமல் போனது. கார் உலகின் பெரிய இழப்புகளில் ஒன்று அது.

ஸ்பிரிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது ஷாக் அப்சார்பரை மறந்துவிடக் கூடாது. எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மேன் 1962-இல் கொண்டுவந்த எலான் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஸ்பிரிங்குகளோ ஆச்சரியப்படும் அளவுக்கு மென்மை. மென்மையான ஸ்பிரிங், ஆட்டத்தைக் கச்சிதமாக அடக்கும் ஷாக் அப்சார்பர் என்பது அன்று முதல் லோட்டஸின் பாணி. சக்கரம் தரையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் பின்தொடரும். உடல் ஒருமுறை எழுந்து அடங்கிவிடும்.

உடல் எழுந்து அடங்குவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மாருதி ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 2,450 மி.மீ. அது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சாலையில் குறுக்கே கிடக்கும் சிறு தார்மேட்டில் ஏறுகிறது. முன்சக்கரம் ஏறி 0.22 வினாடி கழித்துப் பின்சக்கரம் ஏறும். அந்த 0.22 வினாடியில் மூக்கு ஏற்கெனவே எழும்பத் தொடங்கிவிட்டது. வால் இப்போதுதான் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் அந்த இடைவெளி கடைசிவரை மாறாது; கார் முன்னும் பின்னுமாக ஊசலாடிக்கொண்டே போகும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஆட்டம்தான் மிகவும் சிரமம். ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற இன்ஜினீயர் 1930-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். எடைகளை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு சோதனைக் காரையே கட்டி ஓட்டினார். முன் ஸ்பிரிங்கைச் சற்று மென்மையாகவும் பின் ஸ்பிரிங்கைச் சற்று விறைப்பாகவும் வைத்தால், தாமதமாகத் தொடங்கிய வால் வேகமாக ஆடி, ஓர் ஆட்டத்துக்குள் மூக்கை எட்டிப் பிடித்துவிடும். ஊசலாட்டம் மறைந்து, வண்டி மட்டமாக எழுந்து மட்டமாக இறங்கும். பின்பக்கம் கொஞ்சம் ‘ஸ்டிஃப்’பாக இருப்பதால்தான் சவாரி சுகமாகிறது. இன்றைக்கும் எத்தனையோ கார்கள் ஆலியின் இந்த விதிப்படியே வடிவமைக்கப்படுகின்றன.

விறைப்பின் மறுகோடி ஃபார்முலா 1. காரின் அடிப்பகுதியே காற்றை உறிஞ்சித் தரையோடு அழுத்தும் ‘கிரவுண்ட் எஃபெக்ட்’ கார்கள் 1970-களின் கடைசியில் வந்தன. தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி மாறினால் அந்த அழுத்தமே போய்விடும் என்பதால் சஸ்பென்ஷனை ஏறக்குறைய அசையாத அளவுக்கு இறுக்கினார்கள். 1983-இல் தட்டையான அடிப்பகுதியைக் கட்டாயமாக்கி அதற்கு முடிவு கட்டினார்கள். அதே தத்துவம் புதிய விதிகளோடு 2022-இல் திரும்ப வந்தது. சக்கரத்தின் உள்விட்டம் 13 அங்குலத்திலிருந்து 18-ஆகி, அதுவரை பாதி சஸ்பென்ஷனாக உழைத்த உயரமான டயர் சுவர்களும் போயின. விளைவு, நேர்ச்சாலையில் கார்கள் கட்டுக்கடங்காமல் குதித்தன. அஜர்பைஜானின் பாக்கூ பந்தயத்தில் நான்காவதாக வந்த லூயிஸ் ஹாமில்டன், முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கச் சிரமப்பட்டதை உலகமே பார்த்தது. ஓட்டுநர்களின் உடல்நலத்தைக் காரணம் காட்டி, குதிப்பதற்கு உச்ச வரம்பு விதித்தது சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு.

ஃபார்முலா 1-இலேயே இதற்கு நேர்மாறான வழியும் ஒருமுறை வென்றிருக்கிறது. 1992-இல் வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி, கணினி கட்டுப்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷனோடு வந்தது. நைஜல் மான்செல் முதல் ஐந்து பந்தயங்களையும் வரிசையாக வென்று, மொத்தம் ஒன்பது வெற்றிகளோடு உலக சாம்பியனானார். 1994 முதல் ஆக்டிவ் சஸ்பென்ஷன் தடை செய்யப்பட்டது.

பந்தயக் களம் வழவழப்பானது. அங்கே விறைப்பு பலன் தரும். கரடுமுரடான சாலையில் கதையே வேறு. கார்ச் சக்கரமும் பிரேக்கும் சேர்ந்த பகுதி 10 முதல் 15 ஹெர்ட்ஸில் துடிக்கக்கூடியது. விறைப்பான சஸ்பென்ஷன் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் சக்கரத்தை எகிறவிடும். டயர் தரையை விட்டிருக்கும் அந்த நொடித்துளியில் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. சரளைக் கல் பாதையில் ஓடும் ராலி கார்களின் ஸ்பிரிங்குகள் மென்மையாகவும், சக்கரம் ஏறி இறங்கும் தூரம் நீளமாகவும் இருப்பது இதனால்தான். அதே கார் தார்ச்சாலை ராலிக்குப் போகும்போது தாழ்த்தி, இறுக்கிவிடுவார்கள். எந்தச் சாலை என்று கேட்காமல் ‘ஸ்டிஃப் நல்லதா, சாஃப்ட் நல்லதா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

நம் சாலைகளோ ஒரே மாதிரி இல்லை. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு இருக்கிறது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சிரமமில்லாமல் கடக்கலாம். தெருமுனையில் ஒரே ராத்திரியில் முளைக்கும் வேகத்தடைகள் இந்த உயரத்தைக் கால்பங்கு அகலத்தில் அடைத்துவிடுகின்றன. அதைக் கடக்க எந்த ஸ்பிரிங்கும் போதாது. சக்கரம் முழுதும் ஏறி, பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் இடிக்கும். அந்த ‘தட்’ சத்தம் கேட்கிற கணத்தில் காரின் விறைப்பு பல மடங்காகிவிடுகிறது. மென்மையான கார் என்று வாங்கியவர், அந்த ஒரு கணத்தில் உலகத்திலேயே விறைப்பான காரில் உட்கார்ந்திருக்கிறார்.

சிட்ரோயன் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஷாக் அப்சார்பருக்குள்ளேயே, மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் இரண்டு எண்ணெய்த் தடுப்பான்கள். ரப்பர் கட்டை அடியை வாங்கித் திருப்பி அடிக்கும். எண்ணெய்த் தடுப்பான் அடியை வாங்கி விழுங்கிவிடும். கடைசியில் காப்பாற்ற ஆள் இருப்பதால், நடுவில் ஸ்பிரிங்கைத் துணிந்து மென்மையாக்கலாம். கோளங்களின் காலம் முடிந்த பிறகு வந்த இந்த அமைப்போடு சி5 ஏர்கிராஸ் 2021-இல் இந்தியாவுக்கு வந்தது. திருவள்ளூர் ஆலையில் அதை அசெம்பிள் செய்தார்கள்.

மஹிந்திரா வேறு வழியில் போனது. எக்ஸ்யூவி700-இன் ஷாக் அப்சார்பர்கள் அதிர்வின் வேகத்தைப் பொறுத்துத் தம் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும். சொரசொரப்பான சாலையின் வேகமான அதிர்வுக்குத் தளர்வு. வளைவில் உடல் மெதுவாகச் சாய்வதற்கு இறுக்கம். கணினி இல்லை, மின்சாரம் இல்லை. எண்ணெய் போகும் வழியில் ஒரு கூடுதல் வால்வு, அவ்வளவுதான். செங்கல்பட்டு பக்கத்து ஆராய்ச்சி மையத்தில் உருவான காரில் பொருத்தி, செய்யாறு சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்த நுட்பம். சான்டியாவின் பத்துக் கோளங்கள் செய்த வேலையில் ஒரு பகுதியை நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டும் விலையில் செய்கிறது என்பதே பெரிய விஷயம்.

ஆலையில் இத்தனை பேர் மெனக்கெட்டுச் செய்ததைத் தெருவோர ஒர்க்‌ஷாப்பில் அரைமணி நேரத்தில் கெடுத்துவிட முடியும். ‘லோயரிங்’ என்று சொல்லி ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு 20 சதவிகிதம் கூடுகிறது. ஆனால், வண்டி தாழ்ந்துபோனதால் சக்கரம் ஏறுவதற்கான இடம் அதைவிட வேகமாகக் குறைகிறது. நேற்றுவரை பெரிய பள்ளத்தில் மட்டும் இடித்த பம்ப் ஸ்டாப், இன்று சாதாரண வேகத்தடையிலும் இடிக்கும். வளைவின் நடுவே இடித்தால் இன்னும் மோசம். வெளிப்பக்கச் சக்கரத்தின் விறைப்பு திடீரென்று எகிறி, முன் பின் பங்கீடு ஒரு நொடியில் மாறி, அந்த அச்சின் பிடிமானம் நழுவும். பார்வைக்கு ரேஸ் கார். பிடிமானத்தில் கம்பெனி கொடுத்ததை விடக் குறைவு. இதில் உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் இதை அழகு சமாச்சாரமாக விட்டுவிட முடியாது.

பெரிய அலாய் வீல் மாட்டுவதும் இதன் தம்பி வேலைதான். டயரும் ஒரு ஸ்பிரிங். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு விறைப்பானது என்றாலும், சாலையின் சின்னச் சின்ன அதிர்வுகளை முதலில் வாங்குவது அதுதான். டயர் சுவரின் உயரம் குறைந்தால் அந்த அதிர்வு நேரே உள்ளே வரும்; பள்ளத்தில் ரிம் வளையும் வாய்ப்பும் அதிகம்.

புதிதாகக் கார் வாங்குபவர்கள் டெஸ்ட் டிரைவில் பெரும்பாலும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஷோரூமுக்கு எதிரே உள்ள நல்ல சாலையில் ஒரு சுற்று வருகிறார்கள். சஸ்பென்ஷனைப் பற்றி அதில் எதுவும் தெரியாது. வீட்டில் வயதானவர்களை அழைத்துப் போய்ப் பின்சீட்டில் உட்கார வைப்பது நல்லது. உடைந்த சாலையில் 30, 40 கி.மீ. வேகத்தில் ஒருமுறை போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக உள்ள சாலை கிடைத்தால் இன்னும் நல்லது, தலை பக்கவாட்டில் வெட்டுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். பிறகு நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது, பாலத்தின் இணைப்புகளைக் கடந்ததும் கார் ஓர் ஆட்டத்தில் அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை அலைகிறதா என்று கவனிக்க வேண்டும். முடிந்தால் ஐந்து பேரோடும் ஒருமுறை. கிளம்பும் முன்பு, டிரைவர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து டயர் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆலையிலிருந்து வரும்போது நிரப்பிய கூடுதல் காற்றோடே டெமோ கார் ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் காரைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு எதுவும் சரியாக இருக்காது.